பயிரின் தாகத்தை விடியுமுன் பாருங்கள்



நண்பகலில் இலை துவண்டிருப்பதைக் கண்டதும் மடை திறக்கத் தோன்றும். ஆனால், மண்ணில் ஈரம் போதுமா என்பதை நண்பகல் இலை சொல்லாது. விடியற்காலை இலையே சொல்லும். அமெரிக்க ஊசியிலைக் காடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் இதை நன்கு விளக்குகின்றன.

பகலில் இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. வேர் அதற்கு ஈடுகொடுக்க முடியாதபோது, தண்டிலுள்ள நீர் இழுவிசைக்கு உள்ளாகிறது. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, வேர் இழப்பைச் சரிக்கட்டுகிறது. எனவே விடியுமுன் எஞ்சியுள்ள இழுவிசையே வேர்ப்பகுதி ஈரத்தின் அளவுகோல்.

இதை அளக்கும் அழுத்தக்கலன் முறையை ஷோலாண்டர் குழுவினர் 1965-ல் வெளியிட்டனர். வெட்டிய சிறுகிளையை, வெட்டுமுனை வெளியே தெரியும்படி கலத்தில் அடைத்து, வாயு அழுத்தத்தை ஏற்றுவார்கள். முனையில் நீர் கசியத் தொடங்கும் அழுத்தமே இழுவிசையின் அளவு. 1967-ல் வாரிங், கிளியரி ஆகியோர் இம்முறையால் மரங்களின் தாகத்தை மதிப்பிட்டுக் காட்டினர்.

ஆரிகன் மாநிலத்தின் சிஸ்கியூ மலைகளில் குளிர்காலத்தில் மழையும் பனியும் பெய்யும், கோடை வறண்டது. தாழ்வான, வெயில் தாக்கும் தென்சரிவுகளில் ஓக்கும் பாண்டரோசா பைனும் கடும் தாகத்தைத் தாங்குகின்றன. ஈரம் தங்கும் சரிவுகளில் டக்ளஸ் ஃபிர் செழிக்கிறது. குளிர்ந்த உயரங்களில் வளரும் மற்ற ஃபிர் இனங்களுக்குத் தாகம் குறைவு.

தாங்கும் வழியும் மரத்துக்கு மரம் வேறு. நியூ மெக்சிகோவில் அருகருகே வளரும் பின்யான் பைன், ஈரம் குறைந்ததும் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்; நீர் மிஞ்சும், உணவுத் தயாரிப்போ நின்றுபோகும். ஜூனிப்பர் ஓரளவு திறந்தே வைத்திருக்கும். 2002, 2003-ஆம் ஆண்டுகளின் வறட்சியில், பட்டைவண்டுகளும் தாக்கியதால் பைன்கள் பெருமளவில் மடிந்தன. ஜூனிப்பர்கள் பெரும்பாலும் தப்பின.

நாம் செய்ய வேண்டியவை:

1. நண்பகலில் வாடி மாலையில் நிமிரும் பயிருக்கு அவசரப்பட்டு நீர் பாய்ச்ச வேண்டாம். வேரடி மண்ணைத் தோண்டிக் கையில் பிடித்துப் பாருங்கள்.

2. விடியலிலும் வாடியிருந்து, மண்ணும் உலர்ந்திருந்தால் உடனே பாய்ச்சுங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேரழுகலா, வாடல் நோயா என்று கவனியுங்கள்.

3. பூக்கும் பருவத்தில் விடியல் வாட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே மகசூல் குறையத் தொடங்கிவிடும்.

4. மேட்டுப் பகுதியும் ஆழமற்ற மண்ணும் முதலில் காயும். ஒரே வயலாயினும் அங்கிருந்தே சோதனையைத் தொடங்குங்கள்.

நாளை விடியுமுன் ஒருமுறை வயலைச் சுற்றி வாருங்கள். கிணற்று நீரும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும்.