நோயை எதிர்க்கும் மீன் வித்து
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மீனைப் பற்றிப் பேச்சு என்றதும் மரக்கறி உண்ணும் குடும்பத்தார் எழுந்து செல்ல வேண்டுவதில்லை. நாம் சொல்ல வந்தது சமையலன்று. வித்தைத் தேர்ந்தெடுக்கும் கலை. நாம் விஞ்ஞானம் பயின்றவர் அல்லோம், படித்தறிந்ததையே கூறுகின்றோம்.

இந்நாட்டுக் குளங்களில் வளரும் ரோகு மீனில் ‘ஜெயந்தி’ என்றோர் இனம் உண்டு. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தார் 1992-இல் நார்வே அறிஞர்களின் துணையோடு தொடங்கிய பணியின் பயன் அது. விரைந்து வளரும் மீன்களையே தலைமுறைதோறும் தேர்ந்து பெருக்கினர். அந்நார்வே நாட்டார் இக்கலையைப் பயின்றது தம் கடலோரக் கூண்டுகளில் வளரும் சால்மன் மீனிடத்தில். 1970-களின் தொடக்கத்தில் சுமார் 40 ஆறுகளிலிருந்து மீன்களைத் திரட்டி அவர்கள் அப்பணியைத் தொடங்கினர்.

வளர்ச்சியைத் தேர்வது எளிது, தராசு போதும். நோயெதிர்ப்பைத் தேர்வது எங்ஙனம்? சால்மனுக்குக் கணையத்தை அழிக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. குஞ்சுப் பருவத்திலும், நன்னீர்த் தொட்டியை விட்டுக் கடற்கூண்டு புகும் பருவத்திலும் அது கூட்டங் கூட்டமாகக் கொல்லும். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. பிழைத்த மீனும் வாழ்நாள் முழுதும் கிருமியைச் சுமந்து திரியக்கூடும். ஆகவே பிழைத்ததையே வித்தாக வைப்பதும் ஆபத்து. விதைநெல் எடுத்து வைக்கும் நம் உழவருக்கு இத்தகைய தருமசங்கடம் ஏது!

அவர்கள் கண்ட வழி இது. ஒரே தாய் தந்தையரின் குஞ்சுகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவைக் கிருமிக்கு உள்ளாக்கினர். மறு பிரிவைத் தூய நீரில் காத்தனர். எக்குடும்பத்தில் சாவு குறைவோ, அக்குடும்பத்தின் தூய நீர்ப் பிள்ளைகளே வித்தாயின. உடன்பிறந்தவை மடிந்தும் பிழைத்தும் இவற்றுக்காகச் சாட்சி சொல்லின. ஆயினும் ஒரு குறை. ஒரு குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வலிமையின அல்ல. எது வலியது என்பதை இம்முறை காட்டாது.

2008-இல் ஸ்காத்லாந்திலும் 2009-இல் நார்வேயிலும் வெளிவந்த ஆராய்ச்சிகள் இதற்கு விடை தந்தன. இந்நோயை எதிர்க்கும் பரம்பரை ஆற்றலில் பெரும்பகுதி, மரபணுத் தொகுதியின் ஒரே இடத்தில் அடங்கியிருந்தது! அதன்பின் துடுப்பின் சிறு துணுக்கைச் சோதித்தே வலிய மீனை அறியலாயிற்று. அதற்காக அது நோயுற வேண்டுவதில்லை. 2009-இல் நார்வேயில் 223 இடங்களில் கண்ட இந்நோய், 2015-இல் 30 இடங்களிலேயே கண்டது. பண்ணைகளின் தூய்மைக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்கலாகாது.

ஆனால் கிருமியும் வாளாவிருக்கவில்லை. அவ்வலிய வித்தையும் பெருவாரியாகக் கொல்லும் புதுவகை வைரஸை 2021-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. ஒரே பூட்டை நம்பிய வீட்டில் கள்ளன் வேறு சாவியோடு வந்துவிட்டான். மரபணுச் சோதனை கைவந்தபின் பழைய குடும்பச் சோதனை எதற்கு என்று நாமும் எண்ணியிருந்தோம். புதுக் கிருமியின்முன் எக்குடும்பம் நிற்கும் என்றறிய, மீண்டும் சில குஞ்சுகளை அக்கிருமிக்கு உள்ளாக்கித்தான் பார்க்க வேண்டும்.