ரூட்டர் பெட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், அலுவலகக் கணினி வேலையைக் கவனிக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று இந்த மேடையில் எத்தனையோ பேசியிருக்கோம். இன்றைக்கு ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். சுவரில் மாட்டியிருக்கும், விளக்கு மினுமினுக்கும். பிள்ளைகள் அதை வைஃபை பெட்டி என்பார்கள். அதற்குப் பெயர் ரூட்டர்.

"அது ஆம்பிளைங்க வேலை, படிச்ச பிள்ளைங்க வேலை"ன்னு யாராவது முணுமுணுக்கலாம். பேங்க் செலான் எழுதுவதையும் ஒரு காலத்தில் அப்படித்தானே சொன்னார்கள்? இன்றைக்கு லட்ச ரூபாய்க்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம். இந்தப் பெட்டி அதைவிடப் பெரிசா என்ன?

ஏன் தெரிஞ்சுக்கணும்? 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளை நாம் யாரும் மறக்கவில்லை. இன்றைக்குக் குழுக் கணக்கு, உதவித்தொகை மனு, பட்டா விவரம், மின் கட்டணம் எல்லாமே இணையத்தில் வந்துவிட்டது. இணைப்பு நின்றால் என்ன செய்கிறோம்? ஊட்டிக்கோ, குன்னூருக்கோ, கூடலூருக்கோ போகிறோம். கொழுந்து எடுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கேபிள்காரத் தம்பி மழை விட்டால்தான் மலை ஏறி வருவார். அவர் வந்து அஞ்சு நிமிஷத்தில் செய்கிற வேலையில் பாதி, நாமே செய்யக் கூடியது.

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். லைன் வீடுகளுக்கு வரும் கடிதமெல்லாம் எஸ்டேட் ஆபீஸ் விலாசத்துக்கு மொத்தமாக வரும். அங்கே பிரித்து, இது இந்த லைன், இது அந்த லைன் என்று கொடுப்பார்கள். ரூட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெளியே இருந்து வருவது ஒரே கம்பி. வீட்டில் இருப்பதோ நாலு போன், ஒரு கம்ப்யூட்டர். எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது ரூட்டர்.

அந்த வெளிக் கம்பியில் சேவை கிடைக்க வேண்டுமென்றால், "நான் இன்ன வாடிக்கையாளர்" என்று பெட்டி தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். பல கம்பெனிகளில் அதற்கு ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு உண்டு. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் அதைப் பெட்டிக்குள் எழுதிவிட்டுப் போயிருப்பார். நம்மிடம் சொல்லியிருப்பாரா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். நாமும் கேட்டிருக்க மாட்டோம். பிரச்சினை ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

விளக்கைப் பாருங்க, ஊசியைத் தொடாதீங்க

இணைப்பு நின்றவுடன் வீட்டில் யாராவது ஒரு ஊசியை எடுத்து, பின்னால் இருக்கிற சின்னத் துளையில் குத்துவார்கள். அது ரீசெட் துளை. பத்து விநாடி அழுத்தினால் பெட்டிக்குள் எழுதியிருந்தது அழிந்துபோகும். கையில் எழுதி வைத்தது இல்லையென்றால், அதுக்கப்புறம் காத்திருப்புதான்.

ஆகவே முதலில் விளக்கைப் பாருங்க. கண்ணாடி இழைக் கம்பி, அதாவது ஃபைபர் இணைப்பு உள்ள பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியே இருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கம்பி அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். 2019 ஆகஸ்டில் குந்தா பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரம் சாய்ந்து மண் சரிகிற அந்த மாதிரி நாளில் பெட்டிக்குள் எதை மாற்றியும் பலன் இல்லை. கம்பெனிக்குப் புகார் சொல்லிப் புகார் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்குள் வரும் மெல்லிய கம்பியை ஆணியில் சுற்றி மடக்கி வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி.

எல்.ஓ.எஸ். அணைந்து, பான் என்ற விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தும் இணையம் வரவில்லையா? அப்போது சுவிட்சை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க. அஞ்சு நிமிஷம் பொறுங்க. பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். பில் கட்டியாச்சா என்பதையும் பாருங்க. இதற்கும் வரவில்லை என்றால்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.

பெட்டிக்குள் போவது எப்படி?

ஒன்று. பெட்டியைத் திருப்புங்க. அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, பெட்டியின் விலாசம், உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க.

இரண்டு. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அந்த வைஃபையில் சேருங்க. "இன்டர்நெட் இல்லை" என்று போன் சொல்லும். சொல்லட்டும், பயப்பட வேண்டாம்.

மூன்று. இணையம் பார்க்கும் செயலியைத் திறந்து, மேலே விலாசம் எழுதும் இடத்தில் சீட்டில் உள்ள எண்ணை எழுதுங்க. பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். சிலதில் 192.168.0.1. புள்ளி தவறக் கூடாது. ஒரு பக்கம் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். சீட்டில் இருப்பதைக் கொடுங்க.

நான்கு. டபிள்யூ-ஏ-என் என்ற மூன்று எழுத்து எங்கே என்று தேடுங்க. அது வெளிக் கம்பியின் பக்கம். எல்-ஏ-என் என்பது வீட்டுக்குள் இருக்கும் பக்கம். அதைத் தொட வேண்டாம்.

ஐந்து. வெளிப் பக்கத்தில் இணைப்பு வகை என்று ஒன்று கேட்கும். யூசர்நேம் கொடுத்த கம்பெனி என்றால் பி-பி-பி-ஓ-இ என்ற ஐந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே யூசர்நேம், பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாமல் எழுதுங்க. ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் வி-லேன் என்று ஓர் எண் கேட்கும். அது கம்பெனிக்குக் கம்பெனி, ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து வீட்டு எண் நமக்குச் சரிவராமல் போகலாம், கம்பெனியிடம்தான் கேட்கணும். இன்னும் பழைய செம்புக் கம்பி இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு வி-பி-ஐ, வி-சி-ஐ என்று இரண்டு எண் கேட்கும். பி.எஸ்.என்.எல். இணைப்பில் அது பெரும்பாலும் 0, 35.

ஆறு. டி.என்.எஸ். என்று ஒரு வரி இருக்கும். அதைத் தானியங்கியாகவே விட்டுவிடுங்க. ஏன் என்று பிறகு சொல்கிறோம். கடைசியில் சேவ் அழுத்தி, இரண்டு நிமிஷம் பொறுத்து, ஸ்டேட்டஸ் பக்கம் பாருங்க. வெளிப் பக்கத்துக்கு நேராக 0.0.0.0 என்று இருந்தால் இன்னும் சேரவில்லை. வேறு எண் வந்திருந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது.

பாஸ்வேர்டு தப்பு என்கிற மாதிரிச் செய்தி வந்தால் எழுதியதில் பிழை இருக்கும், அல்லது பில் பாக்கியில் கம்பெனி நிறுத்தியிருக்கும். பதிலே வரவில்லை என்றால் வி-லேன் எண்ணைப் பாருங்க. சில கம்பெனிகள் தூரத்தில் இருந்தே பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிடும். அங்கே நாம் எதையும் எழுத வேண்டியதில்லை. உங்களுடையது எந்த வகை என்பதைக் கனெக்‌ஷன் கொடுக்கும் அன்றைக்கே கேளுங்க.

வீட்டுக்கு இரண்டு பூட்டு

இந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒன்று வைஃபை பாஸ்வேர்டு. இன்னொன்று பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு. முதலாவது வாசல் பூட்டு, இரண்டாவது பீரோ பூட்டு. வாசல் பூட்டைத்தான் பலரும் கவனிக்கிறோம். பீரோ பூட்டு, கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே கிடக்கிறது.

அதனால் என்ன ஆகும்? 2017 ஜூலையில் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் நடந்ததைக் கேளுங்க. கூடலூரைத் தாண்டினால் அந்த எல்லைதானே! கெடுதல் செய்யும் ஒரு மென்பொருள் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்களுக்குள் புகுந்தது. எந்த மோடத்தில்? பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று மாற்றாமல் விட்டிருந்த மோடங்களில். ஆயிரக்கணக்கான வீடுகளில் இணைப்பு நின்றுபோனது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பூட்டைத் திருடன் உடைக்கவில்லை, சகோதரிகளே. சாவி எல்லாப் பூட்டுக்கும் ஒன்றாக இருந்தது.

இணைப்பு நிற்பதாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. அதுதான் அந்த டி.என்.எஸ். நாம் ஒரு பேங்கின் பெயரை எழுதினால், அந்தப் பெயருக்கு உரிய விலாசத்தை எடுத்துக் கொடுக்கும் பதிவேடு அது. அந்தப் பதிவேட்டையே யாராவது மாற்றிவிட்டால்? பேங்க் பெயரைச் சரியாக எழுதினாலும் போலிப் பக்கம் திறக்கும். பிரேசில் நாட்டில் சுமார் 45 லட்சம் மோடங்களில் இப்படி மாற்றிவிட்டார்கள் என்று 2012-ல் வெளியே வந்தது. அங்கே பெட்டியின் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தார்கள். ஆகவே பழைய பெட்டி வைத்திருப்பவர்கள், மென்பொருள் புதுப்பித்ததா, மாற்ற வேண்டிய பெட்டியா என்று கம்பெனியில் கேளுங்க. குழுப் பணம் போகும் வழி இது. அசட்டையாக இருக்கலாமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பீரோ பூட்டை, அதாவது உள்ளே நுழையும் பாஸ்வேர்டை மாற்றுங்க. வைஃபை பாஸ்வேர்டு வேறாக இருக்கட்டும், பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். போன் நம்பர், பிள்ளை பெயர், பிறந்த தேதி வேண்டாம். பாதுகாப்பு வகை கேட்டால் டபிள்யூ-பி-ஏ-2 அல்லது 3 என்பதைத் தேர்ந்தெடுங்க. வெளியே இருந்து பெட்டிக்குள் வரும் வழி, அதாவது ரிமோட் மேனேஜ்மென்ட், திறந்திருந்தால் கம்பெனியில் கேட்டுவிட்டு மூடுங்க. 2.4, 5 என்று இரண்டு வைஃபை வந்தால், 5 வேகம் கூட, ஆனால் சுவரைத் தாண்டினால் குறையும். கல்லுச் சுவர் வீட்டில் பின்னறை வரைக்கும் எட்டுவது 2.4 தான்.

இடி மின்னல் வந்தால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் கரண்டு ஒயர் வழியாக வரும். செம்புக் கம்பி இணைப்பு என்றால் போன் ஒயரையும் சேர்த்தே கழற்றணும். இடி இறங்கும் முன்பே கழற்றுங்க, இடிக்கும்போது ஒயரைத் தொடாதீங்க.

யாருக்குத் தெரியும், எங்கே எழுதியிருக்கு?

நம்ம குழுவில் ஊக்குநர் மாறுகிறார், பிரதிநிதி மாறுகிறார். ஆனாலும் குழு நிற்கிறதே, எதனால்? தீர்மானப் புத்தகம் இருக்கிறது, பொதுப் பேரேடு இருக்கிறது. யார் மாறினாலும் எழுத்து இருக்கிறது. ரூட்டரில் மட்டும் எல்லாத்தையும் ஒரு தம்பியின் தலைக்குள் விட்டு வைத்திருக்கிறோம். அந்தத் தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. அதில் இவற்றை எழுதுங்க:

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வாடிக்கையாளர் எண், எந்த போன் எண் சேர்த்திருக்கிறது.
கம்பெனியின் புகார் எண், பில் கட்ட வேண்டிய தேதி.
இணைப்பு வகை, யூசர்நேம், பாஸ்வேர்டு, வி-லேன் எண்.
பெட்டியின் விலாசம், உள்ளே நுழையும் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு.
கடைசியாக எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார்கள்.

இந்தப் பக்கம் எல்லோரும் புரட்டும் வருகைப் பதிவேட்டில் வேண்டாம். தனி நோட்டில் எழுதி, பணப்பெட்டியோடு பூட்டி வையுங்க. குழுவுக்கு இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்கணும். ஒருவர் செய்ய, ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கணும், காசோலைக்கு இரண்டு கையெழுத்து மாதிரி.

"கம்பெனியில் இருந்து பேசறோம், பாஸ்வேர்டு சொல்லுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் சொல்லாதீங்க. வைத்துவிட்டு, நோட்டில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்க. பணம் பறிபோனால் நேரம் கடத்தாமல் 1930-க்குப் போன் செய்யுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் அந்தப் பக்கத்தை எழுதியாச்சா என்று கேட்போம். நோட்டைக் கொண்டுவர வேண்டாம், பாஸ்வேர்டும் சொல்ல வேண்டாம். "எழுதியாச்சு, இரண்டு பேருக்குத் தெரியும்" என்று சொன்னால் போதும். எழுத முடியாத குழுவுக்கு நாங்கள் நேரில் வந்து கூடவே உட்காருகிறோம்.