கையெழுத்து மட்டும் போதாது
(சின்னசேலத்தில் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர் உறுப்பினராக நிற்கிறேன். ஓட்டுக் கேட்டு வரல. கூட நிற்க ஆள் கேட்டு வந்திருக்கேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தெளிவாச் சொல்லுது: குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சாரப்படி இடம். பள்ளி நடக்கிற விதத்தைக் கண்காணிப்பதும், வர்ற பணம் எப்படிச் செலவாகுதுன்னு பார்ப்பதும் அதன் வேலை.

நடப்பு என்ன? பல ஊர்ல கூட்டம் முடிஞ்ச பிறகுதான் சேரிக்கு நோட்டு வருது. 'இங்க கையெழுத்துப் போடும்மா.' வங்கியில் வேலை பார்க்கிறவன் சொல்றேன்: படிச்சுப் பாக்காமப் போட்ட கையெழுத்து அடுத்தவன் கையில் ஆயுதம்.

எந்தப் புள்ள கையில விளக்குமாத்தைக் கொடுக்கிறாங்கன்னு அந்தக் கூட்டத்தில்தான் கேட்கணும். நான் ஒருத்தன் கேட்டா 'படிச்ச திமிர்' என்பார்கள். கூலிக்குப் போற தாய்மார் பத்துப் பேர் கேட்டா அது தீர்மானம்.

அரை நாள் கூலி போகும். தெரியும். இருந்தாலும் வாங்க.