சிலிண்டருக்குள் இருப்பது என்ன?



கேஸ் சிலிண்டரை அசைத்தால் உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கும். கேஸ் என்பது காற்றைப் போன்றது. காற்று இப்படிச் சத்தம் போடுமா? போடாது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். தண்ணீரைப் போல ஓடக்கூடியது. அடுப்புக்கு வருவதற்குள் அது வாயுவாக மாறிவிடுகிறது.

அது எப்படி? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துகள்களால் ஆனவை. பனிக்கட்டியில் இந்தத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இடம் மாறுவதில்லை. நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன. சூடு ஏறினால் நடுக்கம் கூடும், பிடி தளரும். கட்டி உருகித் தண்ணீராகும். இப்போது துகள்கள் சந்தைக் கூட்டம் போல உரசிக்கொண்டு நகர்கின்றன. இன்னும் சூடேற்றினால் பிடியை உதறிவிட்டு நாலா பக்கமும் ஓடுகின்றன. அதுதான் ஆவி. சூடு தணிந்தால் மறுபடியும் ஒன்று சேரும். சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோத்து நிற்பது அப்படித்தான்.

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி சூடு வேண்டும். சமையல் கேஸுக்கு அவ்வளவு வேண்டாம். அதில் புரோப்பேன், பியூட்டேன் என்று இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. பியூட்டேன் பனிக்கட்டியின் குளிரிலேயே கொதித்துவிடும். புரோப்பேன் அதைவிடக் கடுங்குளிரிலும் கொதிக்கும். பிறகு எப்படித் திரவமாக இருக்கிறது? ஆலையில் அதை அழுத்தி, துகள்களை நெருக்கி, இரும்புக் கூட்டில் அடைக்கிறார்கள். ரெகுலேட்டரைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. திரவத்தின் மேல்பரப்பிலிருந்து துகள்கள் கிளம்பி ஓடி வருகின்றன.

ஒரு குடம் திரவம் சுமார் 250 குடம் வாயுவாக விரியும். ஆபத்து இருப்பது இங்கேதான்.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பாலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. அதன் மூலம் 10 கோடிக்கும் அதிகமான இணைப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. விறகடுப்பு ஊதிப் பழகிய கைகளுக்குச் சிலிண்டர் புதிது. விறகில் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். கசியும் கேஸ் தெரியாது. அதற்குச் சொந்த வாசனைகூடக் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள்.

கேஸ் தீரப்போகிறது, அடுப்பு மங்குகிறது. உடனே சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். சிலர் வெந்நீரில் நிறுத்துகிறார்கள். இரண்டும் வேண்டாம். படுத்த சிலிண்டரில் திரவமே வாய்க்கு வந்துவிடும். அது குழாய் வழியே வெளியேறி 250 மடங்கு விரிந்தால் அடுப்பில் எரிவது சிறு சுடராக இருக்காது. வெந்நீரில் வைத்தால் துகள்கள் வேகமெடுத்துச் சுவரை மோதும், அழுத்தம் ஏறும். சூட்டில் திரவமும் பெருக்கும். அதற்காகவே சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். வெயிலிலும் அடுப்பின் அருகிலும் சிலிண்டரை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சில சமயம் சிலிண்டரின் வெளியே வியர்த்திருக்கும். அது கசிவு என்று பயப்பட வேண்டாம். திரவம் வாயுவாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. இரும்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் தண்ணீர் இப்படி ஆவியாவதால்தான்.

நாற்றம் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாகத் தேங்கும். ஆகவே கதவையும் திறக்க வேண்டும், ஜன்னலையும் திறக்க வேண்டும். ரெகுலேட்டரை மூட வேண்டும். தீக்குச்சி கிழிக்கக் கூடாது. லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்தச் சிறு பொறி போதும். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் இரும்பை அவ்வப்போது சோதிக்க வேண்டும். அடுத்த சோதனைக்கான கெடு சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை. பி என்றால் ஜூன் வரை. சி என்றால் செப்டம்பர் வரை. டி என்றால் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். 'பி 29' என்றால் 2029 ஜூன் வரை. கெடு கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கொண்டு வருபவர் அவசரப்படுத்துவார். படிக்கும் வரை அவர் நிற்கட்டும்.

எடையும் அங்கேயே எழுதியிருக்கும். அது காலிச் சிலிண்டரின் எடை. வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி எடை 15.9 என்று இருந்தால், தராசில் 30.1 காட்ட வேண்டும்.