பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்த அமைச்சர்

(திருப்பூர் ராயபுரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நம்ம ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேசினாலே போதும், கல்வியைப் பற்றிப் பேசியது போலத்தான். தி.சு. அவினாசிலிங்கம் அவர்களைச் சொல்கிறேன். 'தி' என்றால் திருப்பூர். 1903-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி இங்கே வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து, பிறகு சட்டமும் படித்தார். கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தால் நன்றாகச் சம்பாதித்திருப்பார். காந்தியடிகளின் பின்னால் போய்ச் சிறைக்குப் போனார்.

1930-ல் கோவையில் வாடகை வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பையன்களோடு ராமகிருஷ்ண வித்யாலயத்தை ஆரம்பித்தார். அரிஜனப் பையனும் மற்ற சாதிப் பையனும் ஒன்றாகத் தங்க வேண்டும், ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இன்றைக்குச் சொல்ல சுலபமாக இருக்குதுங்க. 1930-ல் நம்ம கொங்கு நாட்டில் அப்படி ஒரு விடுதி நடத்துவது என்றால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அதற்கும் துணிந்துதான் ஆரம்பித்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளிக்கு 1934-ல் காந்தியடிகளே வந்து அடிக்கல் நாட்டினார். கோவை போய் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினால் வழியிலேயே பார்க்கலாம்.

பள்ளி நடத்தியவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர் ஆனார். இன்றைய ஆந்திராவின் பெரும்பகுதியும் மலபாரும் சேர்ந்த பெரிய மாகாணம் அது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியில் பாடம் நடத்த வழி செய்தார். 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். ஊர் ஊராக இருக்கிற கிளை நூலகத்துக்கெல்லாம் அதுதான் வேர். தமிழ் வளர்ச்சிக் கழகத் தலைவராக இருந்து, பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் வெளிவரச் செய்தார். முதல் தொகுதி 1954-ல் வந்தது. அதற்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், வித்யாலயத்தில் ஆசிரியராக வேலை பார்த்தவர்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. பதவி போனதும் பலர் என்ன செய்வார்கள்? அடுத்த பதவிக்கு ஆள் பிடிப்பார்கள். இவர் வித்யாலயத்துக்கே திரும்பி வந்தார். 1950-ல் அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஆரம்பமானது. பள்ளி நடத்திப் பார்த்தவருக்கும், மாகாணத்தையே நடத்திப் பார்த்தவருக்கும் கடைசியில் தெரிந்தது ஒன்றுதான். சட்டம் போடலாம், கட்டடம் கட்டலாம், ஆனால் வகுப்பறைக் கதவைச் சாத்தின பிறகு அங்கே இருப்பது ஆசிரியர் ஒருவர்தானே! அவரைத் தயார் செய்யாமல் எதைச் செய்தும் பயனில்லை.

பின்னால் 1952-ல் நம்ம திருப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்கும், 1958-ல் மாநிலங்களவைக்கும் போனார். அப்போதும் கல்விப் பணியை விடவில்லை. 1957-ல் பெண்களுக்காக மனையியல் கல்லூரி தொடங்கினார். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1970-ல் பத்மபூஷண் கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து 1991-ல் மறைந்தார்.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு? நம்ம ஊரைப் பாருங்க. ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சின்னப் பிள்ளைகளே போனார்கள். சட்டத்தாலும் பலருடைய முயற்சியாலும் அது பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் பத்தாவது முடித்த பையன் செக்கிங் டேபிளுக்கும் ஓவர்லாக் மிஷினுக்கும் போவது நிற்கவில்லை. வாரக் கடைசியில் சம்பளம் கைக்கு வருகிறது. வீட்டு வாடகை அதில்தான் கட்ட வேண்டும். அந்தத் தாயிடம் போய் 'படிக்க வையுங்கம்மா' என்று சும்மா சொன்னால் எடுபடுமா? இன்னொரு பக்கம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், தமிழ் தெரியாமல் நம் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1930-ல் பந்தியில் சேர்க்கப்படாத பையன் யாரோ, இன்றைக்கு அவன் இடத்தில் இருப்பது இந்தப் பிள்ளைதான்.

நம் சங்கத்தில் கம்பெனி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கம்பெனி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயதுச் சான்றைப் பார்த்து, 'சட்டப்படி சரி' என்பதோடு நிறுத்தாதீங்க. பிளஸ் டூ முடிக்காத பிள்ளை வந்தால் பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்க. குடும்பம் தாங்காது என்றால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுங்க. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைத் தனித்தேர்வராகப் பரீட்சை எழுத வையுங்க. பரீட்சை நாளில் சம்பளத்தோடு லீவு கொடுங்க. ஒரு ஷிப்டில் கம்பெனி மூழ்கிவிடாது.

ஆசிரிய நண்பர்கள், மாணவன் நாலு நாள் வரவில்லை என்றால் அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தினம் பத்து வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 'வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் பி.எட். சேர்ந்தேன்' என்று சொல்லாதீர்கள். அமைச்சராக இருந்தவரே பெரிதென்று நினைத்து வந்த வேலை அது.