இஸ்தானாவைக் கட்டிய கைகள்



தீபாவளிக்குச் சிங்கப்பூர் இஸ்தானாவின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுவது வழக்கம். நம் குடும்பங்கள் போய்ப் புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. இந்த வீட்டைக் கட்டியது யார் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

ஏட்டில் இரண்டு பெயர் உண்டு. கட்டச் சொன்னவர் கவர்னர் ஹாரி ஓர்ட். வரைபடம் போட்டவர் மெக்நாயர். பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டத்தை வாங்கி, 1867இல் தொடங்கி 1869இல் முடித்தார்கள். அன்று அதற்குக் கவர்மெண்ட் ஹவுஸ் என்று பெயர். கல் உடைத்தவர்கள், செங்கல் அடுக்கியவர்கள், மரவேலை, இரும்பு வேலை பார்த்தவர்கள், சாயம் அடித்தவர்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குச் சொல்லித் தரப்படவில்லை.

எல்லோரும் தமிழர் என்று நான் சொல்ல மாட்டேன். வங்காளிகளும் வடநாட்டாரும் இருந்தார்கள். ஆனால் 1825இல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதல் கூட்டமே மதராஸ் கைதிகள்தான்.

கைதி என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வெள்ளைக்காரன் சட்டத்தில் யார் யார் கைதி என்று யோசியுங்கள். பாளையக்காரர் போரில் தோற்ற எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தியதும் அதே கம்பெனி ஆட்சிதான்.

கட்டடத்தைப் பாருங்கள். தூண்கள் ஐரோப்பிய பாணி. அகலமான தாழ்வாரமும் காற்றோட்டமான பலகைச் சன்னலும் மலாய் வீட்டு முறை. கட்டிய கை இந்தியக் கை.

அந்தக் கைக்கு என்ன தெரியும் என்பதை மெக்நாயரே 1899இல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1856இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் கைதிகள் கட்டியதே. அதன் உட்சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள். பூசிக் காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். 'மதராஸ் சுனம்' என்பார்கள். நம் சுண்ணாம்புதான். நம்மூர்க் கொத்தனாருக்குத் தெரிந்த வேலை, பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல.

1873இல் கைதிகள் சிறையை மூடினார்கள். தண்டனை முடியாதவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலையானவர்களில் பலர் இங்கேயே தங்கி, மாட்டு வண்டி ஓட்டினார்கள், பால் விற்றார்கள், குடும்பம் நடத்தினார்கள்.