கலெக்டருக்குப் படிக்கிற மகளுக்கு எந்தப் புத்தகம்?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"புள்ள ஐ.ஏ.எஸ். படிக்கோணும்ங்கறா, புத்தகத்துக்கு உள்கடன் வாங்கலாமா?" என்று குழுக்களில் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாமுங்க. நம்ம சத்தியமங்கலத்து சி. வான்மதி, கார் ஓட்டுநரின் மகள், மாடு மேய்த்துக்கொண்டே படித்தவர். 2015-ல் தேர்ச்சி பெற்று ஐ.ஏ.எஸ். ஆனார். ஆனால் கடன் வாங்கிய காசு வீணாகக் கூடாது பாருங்க.

முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடம் ஒன்று உண்டு. 2 தாள், மொத்தம் 500 மதிப்பெண். அதில் பலர் எடுப்பது பொது நிர்வாகம். தமிழிலும் விடை எழுதலாம். புத்தகங்கள்தான் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

கடைக்குப் போகும் முன் தேர்வாணைய இணையதளத்தில் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது இலவசம். கடையில் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பாடத்திட்டத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பழைய கேள்வி ஒன்றுக்கு அதில் பதில் கிடைக்குதா என்றும் பார்க்கோணும். பதிப்பு எந்த வருடம் என்பதும் முக்கியம்.

அடிப்படைக்கு எம். லட்சுமிகாந்த் எழுதிய 'பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்' ஒன்று போதும். அவரே எழுதிய 'இந்தியன் பாலிட்டி' வேறு புத்தகம், அது பொது அறிவுத் தாளுக்கானது. பெயர் பார்த்து வாங்குங்க. அடுத்து, முதல் தாளில் வரும் அறிஞர்களுக்குப் பிரசாத் குழுவினரின் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் திங்கர்ஸ்'. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடங்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். பத்துப் புத்தகத்தை ஒருமுறை புரட்டுவதைவிட இரண்டைப் பத்து முறை படிப்பது மேல். ஒரே ஊரில் இரண்டு, மூன்று பிள்ளைகள் படித்தால் ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொரு சங்கதி சொல்றேன். முதல் தாள் பாடத்திட்டத்திலேயே "பெண்களும் வளர்ச்சியும்: சுயஉதவிக் குழு இயக்கம்" என்று ஒரு தலைப்பு இருக்குதுங்க! இரண்டாம் தாளில் ஊரக வளர்ச்சியும் மாவட்ட நிர்வாகமும் வருது. வாராவாரம் சேமிப்பு போடுவது, தீர்மான நோட்டு எழுதுவது, வங்கியில் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டுவது என்று நாம் செய்கிற வேலையைத்தான் அங்கே கேள்வியாகக் கேட்கிறார்கள்.

ஆகவே மகளை அடுத்த குழுக் கூட்டத்துக்கும் கிராம சபைக்கும் கூட்டிட்டுப் போங்க. தீர்மான நோட்டைப் படிக்கக் கொடுங்க. புத்தகத்தில் படிப்பதற்கு உதாரணம் எழுத வேறெங்கும் தேட வேண்டியதில்லை.